லா நூவெல் மலைவிடுதி: ஞாயிறு இரவுக்கு ஏற்ற இடம்

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கவும் பரதம் பயிற்றுவிக்கவும் தொண்டர்களாக வருகிறவர்களுக்கு வகுப்புகள் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான். ஊரே ஓய்வெடுக்கும் நாளில் இவர்களுக்கு வேலை; ஓய்வு கிடைப்பது திங்கட்கிழமை. கூட வருகிற நண்பர்களும் அதே மாதிரிதான்: பிரான்சிலிருந்து வந்த சேவைத் தொண்டர் ஒருவர், பாண்டிச்சேரிக்காரர் ஒருவர், மொரீஷியஸிலிருந்து வந்த ஆசிரியர் ஒருவர். மாத உதவித்தொகையை வைத்துக்கொண்டு மேற்குக் கடற்கரை ஓட்டலில் இரண்டு இரவு தங்கினால் மிச்ச மாதம் கையைக் கடிக்கும். ஞாயிறு மதியம் கிளம்பித் திங்கள் மாலை திரும்ப, நான்கைந்து பேர் சேர்ந்து போக, இந்தத் தீவில் மஃபாத்தின் லா நூவெல் கிராமத்து விடுதிகளைவிடப் பொருத்தமான இடம் இல்லை. ஆனால் அங்கே எல்லாமே முன்கூட்டிப் பேசி வைப்பதில்தான் இருக்கிறது. பேசாமல் போனால் அதே விடுதி பாதி சுகம்கூடத் தராது.

மஃபாத் செங்குத்தான மலைச்சுவர்கள் சூழ்ந்த பெரும் பள்ளம். உள்ளே போகச் சாலையே கிடையாது. நடக்க வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டர். அடிமைத்தளையை அறுத்துக்கொண்டு ஓடிவந்தவர்கள் ஒளிந்து வாழ்ந்த இடம். பெயரே ஒரு மலகாசித் தலைவனுடையது என்பார்கள். இன்று சில நூறு பேர் சிறுசிறு குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். அவற்றில் பெரியது லா நூவெல்: பள்ளிக்கூடம், தேவாலயம், ரொட்டிக்கடை, சிறு மளிகைகள் உண்டு. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,440 மீட்டர். விடுதியை இங்கே ஜீத் என்பார்கள். குடும்பம் ஒன்று நடத்தும்; நாலு முதல் எட்டுப் பேர் படுக்கும் கூடம், சில இடங்களில் இருவர் அறை.

கேட்க வேண்டிய சொல் 'தெமி பான்சியோன்'. இரவுச் சாப்பாடு, படுக்கை, காலை உணவு மூன்றும் சேர்ந்தது. தலைக்கு 45 முதல் 55 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். படுக்கைக்கு மட்டும் பணம் கட்டி, தானே சமைக்கலாம் என்று நினைப்பவர்கள் அரிசியும் பருப்பும் முதுகில் சுமந்துபோய் மிச்சப்படுத்துவது சில யூரோதான். அதற்காக அந்தச் சாப்பாட்டை விடுவது தகாது.

தொலைபேசி பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மின்னஞ்சலுக்குப் பதில் வர நாளாகும். பகலில் கூப்பிட்டால் ஆள் வயலிலோ சமையற்கட்டிலோ இருப்பார். மாலை ஆறுமணிக்கு மேல் கூப்பிடுங்கள். சனி இரவு தீவுக்காரர்களாலேயே நிரம்பிவிடும். ஞாயிறு இரவு காலியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் சில வீடுகள் அன்றைக்கே மூடி ஓய்வெடுக்கும், அதனால் முதல் கேள்வியே திறந்திருக்கிறீர்களா என்பதாக இருக்கட்டும். இரண்டாவது கேள்வி முன்பணம். பல இடங்களில் காசோலை அனுப்பச் சொல்வார்கள். பிரெஞ்சு வங்கியில் காசோலைப் புத்தகம் இல்லாத தொண்டர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். 'விர்மான்', அதாவது வங்கிப் பரிமாற்றம் ஏற்பார்களா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். மூன்றாவது, மழையால் பாதை அடைத்தால் முன்பணம் திரும்புமா, இல்லை தேதி மட்டும் மாறுமா. மிச்சத் தொகையை ரொக்கமாகக் கொண்டுபோங்கள்; உள்ளே பணம் எடுக்கும் இயந்திரத்தை நம்ப வேண்டாம்.

இனி சாப்பாடு. ஏழு மணிவாக்கில் நீள மேசையில் எல்லோரும் சேர்ந்து உட்காரவேண்டும். நடுவில் பெரிய குண்டான் நிறையச் சோறு. பக்கத்தில் 'கிரேன்' எனப்படும் பருப்பு அல்லது காராமணி வகை. கோழிக் கறி அல்லது தொத்திறைச்சி ருகாய், அதாவது தக்காளிக் குழம்பு வகை. சௌசௌக் கொடியின் தளிரை வதக்கிய கீரை. காரத்துக்கு இஞ்சி சேர்த்து அரைத்த மிளகாய் விழுது. தமிழ்க் காதுக்கு இந்த மேசை தனி சந்தோஷம். 'காரி' நம் கறி. 'மசாலே' நம் மசாலா. 'காலூபிலே' கறிவேப்பிலை. 'ப்ரேத் முருங்' முருங்கைக்கீரை. ருகாய் என்ற சொல் ஊறுகாயிலிருந்து வந்தது என்று பலர் சொல்வார்கள். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த முன்னோரின் பேச்சு மறைந்தாலும் சட்டியில் நின்றுவிட்டது. வகுப்பில் ஒரு சொல்லைப் பிள்ளைகள் மனதில் நிறுத்தப் பாடுபடுகிற ஆசிரியருக்கு, அந்தச் சொற்களைத் தீவின் பேச்சுமொழியான கிரியோல் பேசும் சமையல்காரர் வாயிலிருந்து கேட்பது எந்தப் பாடநூலும் தராத பலம்.

பக்கத்து மலைப்பள்ளமான சிலாவோஸில் விளையும் பருப்பு கிடைத்தால் இரண்டாம் முறை கேட்டு வாங்குங்கள். சிறியது, குழையாமல் வேகும், மணம் தனி. மிளகாய் விழுதை முதலில் கரண்டி நுனியளவு மட்டும். சாப்பாட்டுக்குப் பின் பழமும் மசாலாவும் ஊறிய ரம் சின்னக் குவளையில் வரும். மறுநாள் 500 மீட்டர் ஏற வேண்டியவர்கள் ஒரு குவளையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

சைவ உணவு உண்பவர்களும், தீமிதிக்கோ காவடிக்கோ 'கரேம்', அதாவது விரதம் இருப்பவர்களும் கட்டாயம் முன்பே சொல்ல வேண்டும். அங்கு போய்ச் சேர்ந்தபின் சொன்னால் சோறும் கீரையும்தான் மிஞ்சும். பருப்புச் சாறு சைவம் என்று நம்பிவிடக் கூடாது. புகையில் உலர்த்திய பன்றி இறைச்சியான 'புக்கானே' ஒரு துண்டு அதில் வெந்திருக்கலாம். 'சான் வியாந்த்' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் மீனோ, பருப்பில் அந்தத் துண்டோ வரக்கூடும். 'சான் வியாந்த், சான் ப்வாசோன், பா த புக்கானே தான் லே கிரேன்' (இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், பருப்பில் புக்கானே வேண்டாம்) என்று முழுதாகச் சொல்லுங்கள். முட்டை உண்டா இல்லையா என்பதும் தனியாக. தீவு மக்களுக்குக் கரேம் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். 'மி ஃபே கரேம்' என்று ஒரு சொல் சொன்னாலே புரிந்துகொள்வார்கள், மரியாதையும் கூடும். மாட்டிறைச்சி தொடாதவர்கள் குழுவில் இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

போகும் வழி. சேன் தெனியிலிருந்து சேன் ஆந்த்ரே, சலாசி, கிரான் இலே வழியாகக் கோல் தே பே கணவாய்வரை காரில் சுமார் இரண்டு மணி நேரம். கடைசிப் பகுதி குறுகிய வளைவுகள். மலைச்சாலையில் ஓட்டிப் பழகியவர் கையில் வண்டி இருக்கட்டும். இந்த நேரக்கணக்குக்குப் பேருந்தை நம்பித் திட்டமிட வேண்டாம். மேலே காவலுள்ள கட்டண நிறுத்தம் உண்டு. சில யூரோவைப் பார்த்து ஓரமாக விட்டுப்போனால் கண்ணாடி உடைபட வாய்ப்பு இருக்கிறது; பாஸ்போர்ட்டும் மடிக்கணினியும் எப்படியும் வண்டியில் இருக்கக் கூடாது.

நேரம்தான் உயிர்நாடி. ஜூன், ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். கணவாயிலிருந்து லா நூவெலுக்கு இறங்க இரண்டு மணி நேரம். பன்னிரண்டு மணிக்கு வகுப்பு முடிந்து பன்னிரண்டரைக்குக் கிளம்பினால் இரண்டரைக்கு மேலே, நாலரைக்கு விடுதியில். பிள்ளைகளின் பெற்றோரோடு பேசிக்கொண்டே ஒரு மணி நேரம் போய்விட்டால் கணக்கு இறுகிவிடும். மூன்றரைக்கு மேல் கணவாயில் நின்றால் இறங்காதீர்கள். கிரான் இலேயில் தங்கிவிட்டுக் காலையில் நடங்கள், விடுதிக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். தலைவிளக்கு ஆளுக்கொன்று. கைப்பேசி வெளிச்சம் போதாது. குளிரில் மின்கலம் சீக்கிரம் இறங்கும்.

பாதை முதலில் படிகளாக இறங்கித் தாமரின் சமவெளிக்குப் போகும். தாமரின் என்றதும் புளியமரம் என்று எண்ண வேண்டாம். இது மலையில் வளரும் அகேசியா இனம், புயல்கள் வளைத்துச் சாய்த்த தண்டும் பாசி தொங்கும் கிளையுமாக நிற்கும். அங்கே ஒரு வழி மார்லா என்ற இன்னொரு குடியிருப்புக்குப் பிரியும். பலகை பார்த்து லா நூவெல் வழியைப் பிடியுங்கள். சேற்றுக்காகப் போட்ட மரக்கட்டைகளில்தான் பெரும்பாலோர் விழுகிறார்கள். ஈரத்தில் கட்டையின் மேல் கால் வைத்தால் சோப்பு மாதிரி வழுக்கும். இரண்டு கட்டைகளுக்கு நடுவே மண்ணில் வையுங்கள். ஓட்டப் பயிற்சிக் காலணியின் தேய்ந்த அடிப்பகுதி இங்கே உதவாது. இறக்கத்தில் முட்டி வலிப்பவர்களுக்குக் கைத்தடி இரண்டு. மேகம் பெரும்பாலும் பத்து, பதினொரு மணிக்கே பள்ளத்தை மூடத் தொடங்கும், அதனால் மலைச்சுவர்களின் முழுக் காட்சி வேண்டுமென்றால் அது மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான்.

விடுதிக்குள் எதிர்பார்ப்பை அடக்கி வையுங்கள். வெந்நீர் உண்டு, ஆனால் முதலில் வந்தவருக்குத்தான் நிறைய. மின்சாரம் பெரும்பாலும் சூரியத் தகடுகளிலிருந்து. எல்லோரும் ஒரே நேரத்தில் மின்னேற்ற முடியாது, ஆகவே பவர் பேங்க் தேவை. குளிர்கால இரவில் பத்து டிகிரிக்குக் கீழே போகும், சுவர்கள் மெல்லியவை. கம்பளி தருவார்கள்; விரிப்பு தருவார்களா என்பதைக் கேட்டுவிட்டு, இல்லையென்றால் தலையணை உறை போலத் தைத்த மெல்லிய துணி ஒன்று கொண்டுபோங்கள். வேட்டியை இரண்டாக மடித்துத் தைத்தாலும் அதே வேலை செய்யும். கூடத்தில் குறட்டைக்குக் காதடைப்பான்.

தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர் கிளம்பும்போதே கொண்டுபோங்கள். உள்ளே விற்கும் புட்டி ஹெலிகாப்டரில் வந்தது, விலையும் அதற்கேற்ப. குழாய்நீரைக் குடிக்கலாமா என்று வீட்டாரைக் கேளுங்கள். ஓடைநீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். எலிக்காய்ச்சல் தீவில் உள்ள நோய், காலில் வெட்டுக்காயம் இருந்தால் ஓடையில் இறங்குவதையும் தவிருங்கள்.

திங்கட்கிழமைக்கு இரண்டு வழி. வந்த வழியே ஏறினால் இரண்டரை மணி நேரம். கால் வலுவாக இருந்தால் மார்லா சுற்றி வரலாம்: லா நூவெலிலிருந்து மார்லா இரண்டு மணி நேரத்துக்கு மேல், அங்கிருந்து கணவாய் இன்னும் இரண்டரை. ஏழு மணிக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் முடிந்துவிடும். திருவா ரோஷ் அருவியையும் சேர்க்க ஆசைப்படுபவர்கள் அதை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். அங்கே ஆறு தட்டைப் பாறைமேல் அமைதியாக ஓடி, சட்டென்று குறுகிய பிளவுக்குள் விழும். வழவழப்பான அந்த விளிம்பருகே குளிப்பது உயிருக்கு ஆபத்து.

மே முதல் நவம்பர்வரை நல்ல காலம். ஜனவரி முதல் மார்ச்வரை புயல்கள் அதிகம் வரும் பருவம், திட்டமே போட வேண்டாம். அக்டோபரில் 'கிரான் ரெய்ட்' ஓட்டப்போட்டி மஃபாத் வழியாகப் போகும், அந்த வாரம் படுக்கை கிடைப்பது அரிது. கிளம்புவதற்கு முந்தைய நாள் வனத்துறையான ஓ.என்.எஃப். வெளியிடும் பாதைப் பட்டியலைப் பாருங்கள். மண்சரிவுக்குப் பின் பாதையும், மேலே போகும் சாலையும் வாரக்கணக்கில் மூடியிருக்கும். அடைத்த பாதையில் போய் விழுந்தால் மீட்க வருவதும் ஹெலிகாப்டர்தான். அவசர எண் 112; ஆனால் பள்ளத்தில் எல்லா இடத்திலும் சிக்னல் வராது, குழுவில் இரண்டு வேறு நிறுவனங்களின் சிம் இருந்தால் உதவும்.

ஐந்து பேருக்கு மேல் அழைக்காதீர்கள். ஆறாவது ஆளோடு இரண்டாவது வண்டி வேண்டும், கூடமும் இரண்டாகலாம், இறக்கத்தில் நடைவேகம் பிரிந்துவிடும். குப்பைக்கு ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள்: லா நூவெலில் விட்டுவரும் ஒவ்வொரு காலிப் புட்டியும் ஹெலிகாப்டர் ஏறித்தான் வெளியே வரவேண்டும், உங்கள் முதுகில் அதற்கு எடையே இல்லை.