புறக்கோட்டை – யாழ்ப்பாணம் லொறி சேர்விஸ்: மந்த காலத்தில் எதைப் பார்த்துச் சரக்குப் போடுவது?

கொழும்புப் புறக்கோட்டையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு மூட்டை, பெட்டி என்று சில்லறைச் சரக்கு அனுப்ப லொறி சேர்விஸ்தான் இன்றும் கட்டுபடியாகும். கூரியர் வேகம்தான், ஆனால் 50 கிலோ சீனி மூட்டைக்கு அது சரிவராது.

லொறிக் கூலி ஏறியதற்குக் காரணம் டீசல். 2021 டிசம்பர் கடைசியில் லீற்றர் 121 ரூபாய். 2022 ஜூன் கடைசியில் 460. ஏறத்தாழ 400 கிலோமீற்றர் பாதையில், லீற்றருக்கு 4 கிலோமீற்றர் ஓடும் லொறிக்கு ஒரு வழிக்கே 100 லீற்றர் வேண்டும். 12,100 ரூபாய்ச் செலவு 46,000 ஆனது. பிறகு டீசல் இறங்கியும் டயரும் உதிரிப்பாகமும் பழைய விலைக்குத் திரும்பவில்லை.

வியாபாரம் படுத்தால் முதலில் கெடுவது நேரம். லோட் நிறையாமல் லொறி கிளம்பாது, திரும்பி வரும்போது வெங்காயமோ கருவாடோ கிடைக்காவிட்டால் அந்த வெறும் ஓட்டமும் நம் கூலியில்தான் ஏறும். இன்னொன்று, இரண்டு சேர்விஸ்காரர் ஒரே லொறியில் சரக்கைச் சேர்ப்பார்கள். நாட்டாமைமார் (மூட்டை சுமப்பவர்கள்) இரண்டு தரம் ஏற்றி இறக்குவதால் பிஸ்கட் பெட்டி நசுங்குவதும் உருப்படி மாறுவதும் அங்கேதான்.

ஆகவே கூலி கொஞ்சம் கூடினாலும், லோட் குறைந்தாலும் சொன்ன நாளில் லொறி விடுகிற இடத்தையே எடுங்கள். பில்லில் உருப்படி எண்ணிக்கை, எடை, புறப்படும் நாள் மூன்றும் இருக்கட்டும். பெட்டியின் இரண்டு பக்கமும் பெயரும் ஊரும் மார்க்கரால் எழுதுங்கள். ஒட்டிய தாள் மழையில் போய்விடும்.