நான்கு பக்கத்தில் ஒரு பூக்கல்: வகுப்பறையில் ஸ்கிராட்ச்ஜூனியர்

குழந்தைகள் கட்டளைகளை அடுக்கி அசையும் கதைகளை உருவாக்கும் ஸ்கிராட்ச்ஜூனியர் செயலியில் ஒரு கதைக்கு நான்கு பக்கங்களுக்கு மேல் இடம் கிடையாது. காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் தொடக்கப்பள்ளியில் இரண்டாம், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுடன் ஒரு பருவம் முழுவதும் இதைப் பயன்படுத்தினேன். முதல் வாரத்தில் குறை என்று நான் எழுதிவைத்த அந்த வரம்பே பிறகு பெரிய உதவியாக அமைந்தது.

2014இல் ஐபேடுக்கும் 2015இல் ஆண்ட்ராய்டுக்கும் வெளிவந்த இச்செயலியை, எம்.ஐ.டி. மீடியா லேபும் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகமும் பிறருடன் சேர்ந்து 5 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்காக உருவாக்கின. கட்டணமில்லை, நிறுவியபின் இணைய இணைப்பும் வேண்டியதில்லை. கட்டளைக் கட்டைகளில் எழுத்துக்குப் பதிலாகப் படங்களே இருப்பதால், இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகூடச் செயலியின் பூனைப் பாத்திரத்தை நடக்கவும் குதிக்கவும் மறையவும் வைத்துவிடுகிறது.

நாங்கள் எடுத்துக்கொண்ட கதை, தரையில் பதிக்கும் வண்ணக் கல்லான ஆத்தங்குடிப் பூக்கல் உருவாகும் விதம். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவது முதல் பக்கம்; அச்சை எடுத்துவிட்டு உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவுவது இரண்டாவது; ஈரச் சாந்தை நிரப்பி மட்டம் செய்வது மூன்றாவது; தொட்டி நீரில் ஊறி வெயிலில் காய்ந்த கல்லிலிருந்து கண்ணாடி விலக, மெருகேற்றாமலே மேல்முகம் பளபளப்பது நான்காவது. கல்லை வண்டியில் ஏற்றும் காட்சியும் வேண்டுமென்று ஒரு பையன் பிடிவாதம் பிடித்தான். எதை விட்டால் கதை புரியாமல் போகும் என்று அன்று அவர்கள் தங்களுக்குள் வாதாடியதை நான் கரும்பலகையில் நடத்தியிருந்தால், பாதிப் பேர் கொட்டாவி விட்டிருப்பார்கள்.

செயலியோடு வரும் பின்னணிப் படங்களில் நம் முற்றத்தைத் தேடினால் கிடைக்காது. ஆனால் வரையும் பகுதியிலுள்ள கேமராவால் படம்பிடித்து அந்த இடத்தை நிரப்பலாம். அப்பத்தா வீட்டுத் தரையையே பின்னணியாக்கிய ஒரு சிறுமி, வகுப்பில் தன் பெயரைச் சொல்லவே தயங்குபவள், பேசியது சரியில்லையென்றால் மறுபடி பதிவுசெய்யலாம் என்று தெரிந்ததும் நான்கு பக்கத்துக்கும் தானே குரல் கொடுத்தாள்.

ஒரே அறையில் நான்கு குழுக்கள் குரல் பதிந்தால் எல்லாக் கதையிலும் எல்லார் சத்தமும் கேட்கும். ஆகவே ஒவ்வொரு குழுவாகத் தாழ்வாரத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. கதைகள் அந்தந்தக் கருவியிலேயே சேமிக்கப்படுவதால், டேப்லெட்டின் முதுகில் குழுவின் பெயரை ஒட்டிவைப்பதும் அவசியம்.

நான்காம் வகுப்பைத் தாண்டியவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பார்ப்பவர் சொல்லும் விடைக்கேற்பக் கதையை வேறு வழியில் திருப்பும் நிபந்தனைக் கட்டளை இதில் இல்லை. அதைக் கேட்கத் தொடங்கிய பிள்ளைகளை, இதன் பெரிய வடிவமான ஸ்கிராட்ச்சுக்கு மாற்றிவிடுவதே நல்லது.