பழைய ஹைபிரிட் கார் பார்க்கப் போகிறவர்கள், போவதற்கு முன் இதைப் படியுங்கள்

பெட்ரோல் விலை ஏற ஏற, பெட்ரோல் இன்ஜினோடு பேட்டரியில் ஓடும் மோட்டாரும் சேர்ந்த பழைய ஹைபிரிட் கார்களுக்குக் கிராக்கி கூடுகிறது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 டாலரைத் தாண்டியபோதும் இதேதான் நடந்தது. அவசரப்பட்டு வாங்குகிறவர்களுக்காகவே தேய்ந்த வண்டியைத் துடைத்து நிறுத்துகிற ஆட்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரிடம் நான் ஏமாந்தேன்.

வண்டிக்கு வயது பத்து. "பேட்டரி புதுசு மாதிரி சார், ஒரு எச்சரிக்கை லைட்கூட எரியல பாருங்க" என்றார் வியாபாரி. எரியவில்லைதான். பத்து நிமிடம் ஓட்டினேன். சிக்னலில் இன்ஜின் தானாக அணைந்து, பச்சை விழுந்ததும் வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்தது. அதில் மயங்கி அன்றைக்கே பணத்தைக் கட்டிவிட்டேன்.

பதினோராம் நாள் ஒரு மேட்டில் ஏறினேன். தொடங்கும்போது திரையில் பேட்டரி ஏறக்குறைய நிறைந்திருந்தது, உச்சியைத் தொடுவதற்குள் இரண்டே கட்டம். இறங்கும்போது மறுபடி மளமளவென்று நிறைந்தது. நல்ல பேட்டரி இப்படி ஏறி இறங்காது என்று அப்போது எனக்குத் தெரியாது. பின் சீட்டுப் பக்கம் விசிறி இரையத் தொடங்கியது, எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரிந்தன.

மெக்கானிக் பின் சீட்டைக் கழற்றிக் காட்டினார். பேட்டரியைக் குளிரவைக்கும் விசிறியின் இறக்கைகளில் நாய் முடியும் தூசியும் சேர்ந்து கம்பளிபோல் அப்பியிருந்தன, காற்று நுழைய வழியே இல்லை. பேட்டரி மூடியைத் திறந்தால், உள்ளே வரிசையாக அடுக்கிய சிறு பேட்டரிகளான மாட்யூல்களை இணைக்கும் செம்புப் பட்டைகள் பச்சை பூத்துக் கிடந்தன. ஓரிடத்தில் மட்டும் பட்டையும் நட்டும் பளபளத்தன. "செத்துப்போன ஒண்ணை மட்டும் மாத்தி வித்திருக்காங்க" என்றார்.

மாட்யூல்கள் எல்லாம் தொடராக இணைந்தவை. கிழடுகளுக்கு நடுவே ஒன்றை மாற்றினால், கொஞ்ச நாளில் அடுத்த பலவீனமானது படுத்துவிடும். வண்டியின் கணினி பதிந்துவைக்கும் பிழைக் குறியீடுகளை, அதில் மாட்டிப் படிக்கும் கருவியான ஸ்கேனரால் அழித்துவிட்டால், கணினி பழுதை மறுபடி கண்டுபிடிக்கும்வரை விளக்கு எரியாது. விற்க அந்த இடைவெளி போதும்.

வியாபாரியைக் கேட்டேன். "எடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார். நான் கையெழுத்திட்ட தாளில் 'உள்ளது உள்ளபடி' என்ற வரி இருந்தது. அதற்கப்புறம் அவர் போனை எடுக்கவில்லை. புது பேட்டரிக்குக் கொடுத்தது, பெட்ரோலில் பல வருடம் மிச்சம் பிடிக்க நினைத்த தொகை.

ஹைபிரிட்டைக் குறை சொல்லவில்லை. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைப் பேட்டரியில் சேர்த்துக்கொள்வதால், நின்று நின்று போகும் நகரச் சாலையில் உண்மையாகவே மிச்சம் உண்டு. ஒரே வேகத்தில் நெடுஞ்சாலையில் மட்டும் ஓடுகிறவருக்கு அந்த அளவு கிடைக்காது.

சரி, நீங்கள் போனால் ஹைபிரிட் பழகிய மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள். அண்மையில் குறியீடு அழித்த வண்டியில், கணினி தானே செய்துகொள்ளும் சோதனைகள் 'இன்னும் முழுமையடையவில்லை' என்று ஸ்கேனர் காட்டும். அப்படி வந்தால் ஏன் என்று கேளுங்கள். மேடு பள்ளம் உள்ள சாலையில் அரை மணி நேரமாவது ஓட்டி, பேட்டரியின் ஒவ்வொரு பகுதியின் வோல்டேஜும் ஒன்றுபோல் நிற்கிறதா என்று ஓட்டத்திலேயே பாருங்கள். பின் சீட்டுக் காற்றுத் துளையில் டார்ச் அடியுங்கள். உத்தரவாதத்தை எழுதி வாங்குங்கள். ஸ்கேனரை மாட்டவிடாத ஆளிடம் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.