வெப்சைட் வைத்திருப்பவர்கள் உங்கள் போல்டரைத் திறந்து பாருங்கள்

தர்மபுரியில் சின்னதாக ஒரு திருமணத் தகவல் மையம் நடத்துகிறோம். நோட்டில் எழுதிக்கொண்டிருந்த வரைக்கும் பிரச்சினை இல்லை. வெப்சைட் போட்டோம், வந்தது வினை.

காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் அப்பா போன் செய்தார். "ஏம்மா, எம்பொண்ணு ஜாதகம், போன் நம்பர் எல்லாம் கூகுள்ல கெடக்குது, இதுக்கா காசு கட்டினேன்?" ஓசூரில் வேலை பார்க்கும் அவர் மகன் தங்கை பெயரைத் தேடியிருக்கிறான். கிடைத்த லிங்கின் வாலை, அதாவது கடைசியில் இருந்த பைல் பெயரை, வெட்டிவிட்டு என்டர் தட்டியிருக்கிறான். 'இன்டெக்ஸ் ஆஃப் அப்லோட்ஸ்' என்று தலைப்போடு மொத்தப் பட்டியலும் வந்துவிட்டது. பைல் பெயர், தேதி, சைஸ் என்று வரிசையாக. பயோடேட்டா, போட்டோ, சிலர் கொடுத்த ஆதார் நகல் வரைக்கும். நானும் திறந்து பார்த்தேன். கை நடுங்கியது.

சைட் செய்து கொடுத்த தம்பிக்கு 18,000 ரூபாய் கொடுத்திருந்தோம். கேட்டால், "அது கூகுள் தப்புக்கா." ரெண்டு நாள் கழித்து 'ரோபாட்ஸ்' என்று ஒரு பைல் போட்டுவிட்டு முடிந்தது என்றார். அது தேடுபொறிகளுக்கு "இங்கே வராதே" என்று சொல்லும் வேண்டுகோள், அவ்வளவுதான். மனுஷன் வந்து பார்ப்பதை அது தடுக்காது, போல்டர் பெயரையும் அதுவே ஊருக்குச் சொல்லிவிடும். அடுத்து அப்லோட்ஸ் போல்டரில் வெறும் இன்டெக்ஸ் பக்கம் (போல்டரைத் திறந்தால் பட்டியலுக்குப் பதில் வரும் பக்கம்) ஒன்றை வைத்தார். அதற்குள் இருந்த ஜாதகம் போல்டர் அப்படியே திறந்துதான் கிடந்தது. கடைசியில், "செக்யூரிட்டி தனி பேக்கேஜ்க்கா, 5,000 ஆகும்" என்றார்.

பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கிற அக்கா பையனைக் கூப்பிட்டேன். எங்களுடையது அப்பாச்சி சர்வர், அதாவது சைட்டைக் கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கும் சாப்ட்வேர். ஒரு போல்டரில் இன்டெக்ஸ் பக்கம் இல்லையென்றால், பட்டியல் காட்டும் வசதி ஆன் ஆகியிருக்கும் இடத்தில் அது உள்ளே இருப்பதையெல்லாம் காட்டிவிடுமாம். ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் பைல் மேனேஜர் போய், செட்டிங்ஸில் மறைந்த பைல்களைக் காட்டச் சொல்லி, வெளியாட்கள் பார்க்கக்கூடிய பைல்கள் இருக்கும் பப்ளிக் ஹெச்டிஎம்எல் போல்டரில், சர்வருக்கான கட்டளைகள் எழுதும் 'டாட் ஹெச்டிஅக்சஸ்' பைலில் ஒரே வரி சேர்த்தான்: ஆப்ஷன்ஸ், இடைவெளி, மைனஸ், இன்டெக்ஸஸ். மைனஸுக்கும் இன்டெக்ஸஸுக்கும் நடுவே இடைவெளி கூடாது. திரும்பப் போய்ப் பார்த்தால் 403, அதாவது 'அனுமதி இல்லை'. உள்ளே இருந்த போல்டர்களுக்கும் சேர்த்து. இந்த ஒரு வரிக்குத்தான் 5,000! சைட்டே திறக்காமல் 500 எரர் காட்டினால் அந்த சர்வரில் இதை மாற்ற அனுமதியில்லை என்றும் இருக்கலாம், ஹோஸ்டிங் ஆட்களைக் கேட்க வேண்டும். அப்பாச்சிக்குப் பதில் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் என்றால் இந்தப் பட்டியல் பொதுவாகவே ஆஃப்தானாம்.

அதோடு விடவில்லை அவன். "சித்தி, லிஸ்ட்தான் மறைஞ்சிருக்கு. பைல் பேரு தெரிஞ்சா இப்பவும் எடுக்கலாம்" என்றான். 1041, 1042 என்று நம்பர் போட்டு வைத்தால் யாருக்குத்தான் தெரியாது? எல்லாவற்றையும் பப்ளிக் ஹெச்டிஎம்எல்லுக்கு வெளியே மாற்றி, லாகின் செய்தால் மட்டும் வரும்படி வைத்தோம். கூகுளில் ஏறியிருந்ததை, சைட் வைத்திருப்பவர்களுக்காக கூகுள் கொடுக்கும் சர்ச் கன்சோலில் எடுக்கச் சொன்னோம். அந்த நீக்கம் ஆறு மாசத்துக்குத்தான் என்பதால் பழைய இடத்தில் பைல் இல்லாமலிருப்பது முக்கியம்.

காரிமங்கலத்துக்காரர் பதிவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். குறை சொல்ல முடியவில்லை. தம்பி இப்போது போனையே எடுப்பதில்லை. அவர் செய்த வேறு சைட்டுகளில் ஒரு டியூஷன் சென்டருடையதும் இதே மாதிரி திறந்து கிடக்கிறது, பிள்ளைகள் போட்டோவோடு. போன் போட்டுச் சொன்னேன். இன்சூரன்ஸா என்று கேட்டு வைத்துவிட்டார்கள். நாளைக்கு நேரிலேயே போகப்போகிறேன்.