ஸ்கோ-மியூல்: வாங்கி எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு

கவர்ன்மென்ட் மியூல் என்ற அமெரிக்க ராக் குழுவும் ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜான் ஸ்கோஃபீல்டும் 1999 செப்டம்பரில் ஜார்ஜியா மாநிலத்தில் அடுத்தடுத்த இரண்டு இரவுகள் சேர்ந்து வாசித்த மேடைப் பதிவுதான் ‘ஸ்கோ-மியூல்’. பதினைந்து ஆண்டுகள் வெளிவராமல் கிடந்து, 2015 ஜனவரியில் இரட்டை இசைத்தட்டாக வந்தது. இக்குழுவின் பாடகரும் கிட்டார் கலைஞருமான வாரன் ஹேன்ஸின் கரகரத்த குரலுக்காகவே அதைக் கேட்டு வந்தவன் நான். இதில் அவர் பாடவே இல்லை, முழுக்க வாத்திய இசை என்று தெரிந்ததும் முதல் வாரம் சற்று ஏமாற்றமாகவே இருந்தது.

பிறகு ஓராண்டு வரை இரண்டு கிட்டார்களை மட்டுமே பின்தொடர்ந்து கொண்டிருந்தேன். இருவரையும் பிரித்தறிவது எளிது. ஹேன்ஸ் தடித்த ஒலியில் ஒரு சுரத்தைப் பிடித்தால், பாடகர் மூச்சடக்கி நிற்பது போல அதை நீட்டி, இறுதியில்தான் அசைப்பார். ஸ்கோஃபீல்டோ சற்றே கரகரத்த, மூக்கால் பேசுவது போன்ற ஒலியில் சொற்களை உடைத்து உடைத்துப் போட்டு, ஆதாரச் சுரவரிசைக்கு வெளியே நழுவி, இனித் திரும்ப மாட்டார் என்று நாம் நினைக்கும் நேரத்தில் தாளத்தின் விளிம்பில் வந்து சேர்வார்.

‘ஹாட்டன்டாட்’, ‘கைண்ட் ஆஃப் பேர்ட்’ ஆகிய இரண்டு உருப்படிகளும் மாற்று வடிவத்தில் இரண்டாம் தட்டில் மறுபடியும் வருகின்றன. இடத்தை நிரப்பச் சேர்த்தவை என்று எண்ணி அவற்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்; அது என் அவசரம். ‘பேர்ட்’ என்று அழைக்கப்பட்ட ஜாஸ் சாக்ஸஃபோன் கலைஞர் சார்லி பார்க்கரை நினைவில் வைத்து ஹேன்ஸும் கிட்டார் கலைஞர் டிக்கி பெட்ஸும் ஆல்மன் பிரதர்ஸ் என்ற ராக் குழுவுக்காக எழுதிய ‘கைண்ட் ஆஃப் பேர்ட்’டின் இரு வடிவங்களையும் அடுத்தடுத்துக் கேட்டபோது, எழுதி வைத்த மெட்டு எங்கே முடிகிறது, அந்தந்த நேரத்துக் கற்பனை எங்கே தொடங்குகிறது என்பது துல்லியமாகப் புரிந்தது. இன்று நான் அதிகம் கேட்பது இந்த நான்கையும்தான்.

மூன்றாம் ஆண்டில் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்கினேன். அதுவரை வெறும் அதிர்வாக இருந்த ஆலன் வுடியின் பேஸ் கிட்டார் அப்போதுதான் தனிக் குரலாகக் கேட்டது. மேட் ஆப்ட்ஸின் டிரம்ஸ் மேல் சாய்ந்துகொள்ளாமல், இரண்டு கிட்டார்களும் விட்ட இடைவெளியில் அவர் மெட்டாகவே வாசிக்கிறார். இந்தக் கச்சேரிகள் முடிந்து ஓராண்டு நிறைவதற்குள், 2000 ஆகஸ்டில் வுடி இறந்துவிட்டார். அதை அறிந்தபின் கிட்டார்களை விட்டுவிட்டு அவரையே தேடிக் கேட்கும் பழக்கம் வந்துவிட்டது.

குறையும் உண்டு. ஜேம்ஸ் பிரவுன் குழுவினரின் ஃபங்க் இசையான ‘பாஸ் த பீஸ்’ ஊதுகருவிகள் வெட்டி வெட்டி ஒலிப்பதை நம்பி அமைந்தது. அவை இல்லாத இங்கே, டான் மட்ராசோவின் கீபோர்டு எவ்வளவு முயன்றாலும், பாதியிலேயே சுழன்ற இடத்தில் சுழல்கிறது. இன்றுவரை அதை நான் முழுதாகக் கேட்பது அரிது.

இதே பதிவில் இருபது நிமிடத்தைத் தாண்டும் ‘ஆஃப்ரோ ப்ளூ’வைப் பயணத்தில் கேட்டுப் பார்த்தேன்; சரிப்படவில்லை. வீடு அடங்கிய பின், விளக்கை அணைத்துவிட்டுத்தான் அதைப் போடுகிறேன். மூன்றும் இரண்டுமாகப் பின்னும் அந்தத் தாளத்தில் வுடி எந்தப் பக்கம் நிற்கிறார் என்று விரலால் தட்டிப் பார்த்தால், ஐந்தாறு நிமிடங்களுக்கு மேல் இப்போதும் தவறிவிடுகிறது.