பயறு டம்ளரா, புழுக் கூண்டா, வேப்ப மரமா? தொடக்கப் பள்ளியின் மாசி–பங்குனிச் செயல்பாடுகள்

பஞ்சாங்கப்படி இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு அது பாதி தேர்வு, பாதி விடுமுறை. ஆனால் வேம்பு இலை உதிர்த்துத் தளிர்ப்பதும் புங்கன் இளம்பச்சையாக மாறுவதும் மாசியிலும் பங்குனியிலும் நடந்துவிடுகின்றன. எனவே வகுப்பறைக்கான வசந்தம் பிப்ரவரி முதல் வாரத்திலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை, எட்டு அல்லது ஒன்பது வாரம்தான். இந்தக் காலத்துக்குள் செய்யக்கூடிய மூன்று செயல்பாடுகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம்: டம்ளரில் பயறு முளைக்கவைப்பது, கறிவேப்பிலைச் செடியில் கிடைக்கும் வண்ணத்துப்பூச்சிப் புழுவை வளர்ப்பது, ஒரே மரத்தை வாரந்தோறும் பார்த்துக் குறிப்பது.

பயறு எல்லாரும் செய்வது. மூன்றிலும் எளிது, பெரும்பாலும் தவறாகச் செய்யப்படுவதும் இதுதான். முழுப் பாசிப்பயறு வேண்டும். உடைத்த பருப்பு முளைக்காது. மூன்று டம்ளர், ஒவ்வொன்றிலும் பத்துப் பயறு: ஒன்றில் உலர்ந்த பஞ்சு, ஒன்றில் ஈரப் பஞ்சு, மூன்றாவதில் பயறு முழுக மூழ்க இரண்டு விரற்கடைத் தண்ணீர். இங்கேதான் தவறு நேர்கிறது. பயற்றை முதல் நாள் இரவே ஊறவைத்துவிட்டு மூன்றிலும் போடுகிறார்கள். ஊறிய பயறு உலர்ந்த பஞ்சிலும் முளை காட்டும், ஒப்பீடே கெட்டுவிடும். இந்தச் சோதனைக்கு ஊறவைக்கக் கூடாது. நீரில் மூழ்கியவற்றில் சில முளை காட்டிவிட்டு அப்படியே நின்று, இரண்டு மூன்று நாளில் நாற்றமடிக்கும். காற்று கிடைக்காததுதான் காரணம். அந்த நாற்றத்தைப் பிள்ளைகள் முகரட்டும். பாடத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை தொடங்குங்கள். வியாழக்கிழமை போட்டால் சனி, ஞாயிறில் பஞ்சு காய்ந்து எல்லாம் வாடிவிடும். பஞ்சில் சத்து எதுவும் இல்லை. விதையிலையில் சேர்த்துவைத்திருந்தது தீர்ந்ததும் நாற்று வாடும், ஆகவே ஒரு வாரத்தில் மண்ணுக்கு மாற்றிவிட வேண்டும்.

ஒன்று, இரண்டாம் வகுப்புச் சூழ்நிலையியலுக்கு இது போதும். ஆனால் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு என்று பார்த்தால் பயற்றிடம் கொஞ்சம்தான் கிடைக்கும். டம்ளரில் அது தனியாக இருக்கிறது: எதையும் தின்னவில்லை, எதுவும் அதைத் தின்னவில்லை. ஓர் உயிர் இன்னோர் உயிரை நம்பி இருப்பதைக் குழந்தை அங்கே பார்க்க முடியாது.

அதைப் பார்க்கப் புழு வேண்டும். மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை எங்கள் முதல் தேர்வு இதுதான், ஒரு நிபந்தனையோடு: பள்ளியிலோ பக்கத்து வீட்டிலோ மருந்து அடிக்காத கறிவேப்பிலை அல்லது எலுமிச்சைச் செடி இருக்க வேண்டும். கடைக் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து எச்சம் இருக்கக்கூடும்; காலையில் போட்டால் மாலைக்குள் புழு துவண்டு விழலாம். செடி இல்லாத பள்ளி இந்த ஆண்டு கன்று நட்டு, அடுத்த ஆண்டு செய்யட்டும்.

எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிகள் இரண்டும் இந்தச் செடிகளின் இளந்தளிரைத் தேடித்தான் முட்டையிடும். ஜனவரியில் செடியைக் கவாத்து செய்து நீர் விட்டுவந்தால் பிப்ரவரியில் தளிர் வரும். குண்டூசித் தலையளவு வெளிர்மஞ்சள் முட்டை தனித்தனியாக இருக்கும். மூன்று நான்கு நாளில் பொரிந்து வரும் புழு பறவை எச்சம் போலவே கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், கடைசிப் பருவத்தில்தான் பச்சையாகும். முட்டையிலிருந்து பூச்சி வரை வெயில் காலத்தில் ஏறக்குறைய நான்கு வாரம். முட்டையாகவோ சிறு புழுவாகவோ எடுத்துவருவது நல்லது. வெளியில் வளர்ந்த பெரிய புழுவிலும் கூட்டுப்புழுவிலும் ஒட்டுண்ணிக் குளவி ஏற்கெனவே முட்டையிட்டிருக்கலாம். அப்படியானால் கூட்டுப்புழுவிலிருந்து பூச்சிக்குப் பதில் பொடிக் குளவிகள் வரும். வந்தால் மறைக்காமல் காட்டுங்கள், அதுவும் பாடம்தான்.

ஒரு வகுப்புக்கு நான்கு புழு போதும். அட்டைப்பெட்டியின் இரண்டு பக்கத்தை வெட்டிக் கொசுவலை ஒட்டினால் கூண்டு தயார். மூடிய பாட்டில் வேண்டாம்: உள்ளே வியர்த்து, பூஞ்சை பிடித்து, புழு கறுத்துக் கூழாகிவிடும். கிளையைத் தண்ணீர்ப் பாட்டிலில் செருகி வாயைப் பஞ்சால் அடையுங்கள். அடைக்காவிட்டால் புழு இறங்கி மூழ்கும். அடியில் செய்தித்தாள் விரித்து, எச்சத்தோடு அதைத் தினமும் மாற்ற வேண்டும். எறும்பு ஏறாமல் இருக்க மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வையுங்கள்.

தோலுரிக்கும் நேரத்திலும் புழு சாகலாம். உரிப்பதற்கு முன் புழு பட்டு நூலால் இலையில் காலூன்றி ஒரு நாள் அசையாமல் இருக்கும். செத்துவிட்டது என்று நினைத்துப் பிள்ளைகள் பிடித்து இழுப்பார்கள். பிடிமானம் போனால் தோல் கழலாது. புழுவைத் தனியாக எடுக்கவே கூடாது, இலையோடு நகர்த்த வேண்டும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போன்ற ஓர் உறுப்பை நீட்டி நெடியடிக்கும். கடிக்காது, கொட்டாது. பூச்சி வெளிவரும்போது தொங்கிச் சிறகை விரிக்க இடம் வேண்டும், உலர ஓரிரு மணி நேரம் பிடிக்கும். பிறகு அந்தச் செடிக்குப் பக்கத்திலேயே விடுங்கள்.

எருக்கில் வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு எளிதாகக் கிடைக்கும் என்று அதற்குப் போகாதீர்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. முருங்கைக் கம்பளிப்பூச்சி பக்கமே பிள்ளைகளை விட வேண்டாம்.

புழுவுக்குத் தினமும் ஆள் வேண்டும், சனி ஞாயிறு உட்பட. இரண்டே ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளியில் இது முடியாது. அங்கே மரம்தான் சரி. செலவு ஒரு துணிக் கீற்று. கைக்கெட்டும் கிளையில் அதைக் கட்டி, வெள்ளிக்கிழமை ஒரே நேரத்தில் அந்தக் கிளையை மட்டும் பார்க்க வேண்டும்: முதிர்ந்த இலை, தளிர், மொட்டு, பூ, காய். ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’, ‘கொஞ்சம்’, ‘நிறைய’ என்ற மூன்றே அளவு. மரங்களின் பருவ மாற்றங்களைப் பதிவு செய்யும் சீசன்வாட்ச் திட்டத்தில் சேர்ந்த பள்ளிகளும் வாரம் ஒரு முறை இப்படித்தான் மரத்தைப் பார்க்கின்றன. வாரத்துக்கு ஒரு குழந்தை வெவ்வேறு கிளையைப் பார்த்தால் குறிப்பு பயன்படாது. துணி கட்டுவது அதற்காகத்தான். மாற்றமே இல்லாத வாரங்களில் பிள்ளைகள் சலித்துப்போவார்கள். அப்போது ஐந்து நிமிடம் கிளைக்கு வரும் எறும்பு, தேனீ, பறவைகளை எண்ணச் சொல்லுங்கள்.

எந்த மரம் என்பது முக்கியம். ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் நெட்டிலிங்கத்தில் மொத்தமாக இலை உதிர்வதைப் பார்க்க முடியாது. வேம்போ உதிர்ந்து, செம்பு நிறத் தளிர் விட்டு, பங்குனியில் பூக்கத் தொடங்கிவிடும். ஒரே குறை, கதை விடுமுறையில் அறுந்துபோவது. அதனால் துணியை அவிழ்க்காதீர்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது மரத்தடியில் பழம் உதிர்ந்து கிடக்கும். வேப்பங்கொட்டை சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும் என்பதால், சதையைக் கழுவி அந்த வாரமே மண்ணில் போடச் சொல்லுங்கள்.