ஏழு படி ஏறினால் ஸ்டெம் செல்

நாலு வாரம் ஊரில் இருந்தேன். விமானம், ரயில், சொந்தத்தில் ஒரு கல்யாணம் எல்லாம் நல்லபடியாக முடிந்தது. அதில் எழுத ஒன்றுமில்லை. நான் எழுத உட்கார்ந்தது ஒரு மண்டபத்துப் படிகளைப் பற்றி. மொத்தம் ஏழு படி. திரும்பி வந்து இரண்டு வாரம் ஆகியும் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருக்கிறேன்.

பெரியம்மா மகன் 2015-இல் தேங்காய் வெட்ட ஏறி, மட்டை ஒடிந்து விழுந்தார். நம்மூரில் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்து, முதலில் வர்ம ஆசானிடம், அப்புறம்தான் ஆசுபத்திரிக்கு. உடைந்த முதுகை வளைக்காமல் பலகையில் கிடத்திக் கொண்டுபோக வேண்டும் என்று அங்கே யாருக்குத் தெரியும்? ஸ்கேன் ரிப்போர்ட்டில் டி-10 என்று இருந்தது, அதாவது மார்புப் பகுதி முதுகெலும்பில் பத்தாவது. தொப்புளுக்குக் கீழே அண்ணனுக்கு எதுவும் தெரியாது.

இந்த முறை பத்திரிகைக்குள் ஒரு நோட்டீஸ் செருகி வந்தது. தண்டுவடம் பாதித்தவர்களுக்கு ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக வளரக்கூடிய மூல செல்) சிகிச்சை, இலவச ஆலோசனை முகாம், மார்த்தாண்டம் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில். அண்ணன் அதை மடித்துப் பேப்பருக்கு அடியில் வைத்துவிட்டார். போகலாம் என்று துள்ளியவன் நான்தான். காரணம், சுவிட்சர்லாந்தில் நான் இருக்கிற லோசான் ஊர். வேலைக்குப் போகும் எம்1 மெட்ரோ, இந்த ஆராய்ச்சியில் பெயர் போன இ.பி.எஃப்.எல். பல்கலைக்கழக வாசலில் நின்றுதான் போகும். கூர்டீன் என்ற விஞ்ஞானியும் பிளாக் என்ற அறுவை சிகிச்சை நிபுணரும் முதுகுத்தண்டில் மின்முனை பதித்து மூன்று பேரை நடக்க வைத்தது 2018-இல். தினமும் அந்த வழியாகப் போய்வந்தால் ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி ஒரு மிதப்பு வந்துவிடுகிறது.

சரி, மண்டபம். நடக்க முடியாதவர்களைக் கூப்பிட்டு நடத்தும் முகாமுக்கு, இடுப்பு உயரம் தூக்கிக் கட்டிய மண்டபம். சாய்தளம் கிடையாது. வழுவழுப்பான கிரானைட், ஓரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கூட இல்லை. கேட்டால், "அதுக்கென்ன சார், நாலு பேரு சேர்ந்து தூக்கிரலாம்" என்கிறார்கள். பொதுமக்கள் புழங்கும் கட்டடத்தில் சக்கர நாற்காலி ஏற வழி இருக்க வேண்டும் என்று 2016-லேயே சட்டம் வந்தாயிற்று. லோசானும் மேடும் பள்ளமுமான ஊர்தான், ஆனால் அங்கே சக்கர நாற்காலிக்காரர் மெட்ரோவில் ஏற யார் கையும் தேவையில்லை. நம்மூரில் ஆள்பலம்தான் சாய்தளம்.

"கைப்பிடியப் பிடிக்காதீங்க, அது கழண்டு வரும்" என்று அண்ணன் நாலு தடவை சொன்னார். ஆளைப் பண்டம்போலத் தூக்குகிறவர்களுக்குப் பண்டம் பேசுவது காதில் விழாது போலிருக்கிறது. நாலாவது படியில் கைப்பிடி ஒருவர் கையோடு வந்தது. நாற்காலி சாய்ந்தது, கால் பலகையிலிருந்து நழுவிப் படியில் உரசியது. எப்படியோ மேலே ஏற்றிவிட்டார்கள். பெருவிரலில் ரத்தம் வந்ததை நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் அண்ணனுக்கே தெரியும்.

உள்ளே கோட்டு போட்ட ஒருவர் லேப்டாப்போடு இருந்தார். ஸ்கேனை உறையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. மூன்று ஊசி, நாலரை லட்சம், வேண்டுமானால் தவணை. எந்த எலும்பு, அடிபட்டு எத்தனை வருசம் என்று பார்க்க வேண்டாமா என்றேன். எல்லாருக்கும் இந்த ஊசி கேட்கும் என்றார். ஜப்பானில் செய்வதுதானாம்.

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. ஜப்பானில் கேயோ பல்கலைக்கழகம் ஐ.பி.எஸ். செல்களை (சாதாரண உடல் செல்லை மாற்றித் தயாரித்த ஸ்டெம் செல்) வைத்து நடத்திய சோதனையில் மொத்தமே நாலு பேர். எல்லாரும் அடிபட்டுச் சில வாரமே ஆனவர்கள். 2025 மார்ச்சில் வெளியிட்ட முடிவில் ஒருவர் தானாக எழுந்து நிற்கிறார், இன்னொருவருக்குக் கொஞ்சம் அசைவு வந்திருக்கிறது, மற்ற இருவருக்கும் பெரிய மாற்றமில்லை. பத்து வருசப் பழைய காயத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? இங்கேயும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் கொடுத்த வழிகாட்டலில், ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாகக் கொடுக்கலாம் என்பது சில ரத்த நோய்களுக்குத்தான். மற்றதெல்லாம் அனுமதி பெற்ற ஆராய்ச்சி, ஆராய்ச்சிக்கு நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. இதைச் சொன்னதும் அவர் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

இறங்கும்போது மறுபடியும் அதே ஏழு. கடைசிப் படியில் 'டொப்' என்று போட்டார்கள், வலது சக்கரத்தில் காற்று போய்விட்டது.

பக்கத்தில் ஒரு சைக்கிள் கடை. லோசானில் என்றால் போனில் நேரம் வாங்கி, அடுத்த வாரம் கொண்டுபோய், பில் தனியாகத் தபாலில் வரும். இவரோ பீடியை அணைத்துவிட்டு, அண்ணனை நாற்காலியிலிருந்து இறக்காமலே, ஒரு பக்கம் கட்டை கொடுத்து நிமிர்த்தி, ட்யூபை உருவித் தண்ணீரில் முக்கிப் பார்த்து ஒட்டினார். கேட்காமலே பிரேக்கை முறுக்கினார். கைப்பிடியின் நட்டு தேய்ந்திருப்பதைக் காட்டி வேறு மாட்டினார். அறுபது ரூபாய். பயணம் முழுக்க எனக்குக் கிடைத்த நல்ல சேவை இது ஒன்றுதான்.

ட்யூப் காயும் வரை அண்ணனுக்கு லோசான் கதையைச் சொன்னேன். ஒக்கி புயலில் மரம் விழுந்து மெயின் லைன் அறுந்ததே, வீட்டு வயரிங் கெடவில்லையே, அதுபோலத்தான் காயத்துக்குக் கீழே காலை ஆட்டும் நரம்புக் கூட்டம் உயிரோடு கிடக்கிறது. மூளையின் உத்தரவு மட்டும் வந்து சேரவில்லை. மின்முனை அந்தக் கூட்டத்தைத் தட்டி எழுப்புகிறது. 2023-இல் வெளியான ஆய்வில் நெதர்லாந்துக்காரர் ஒருவருக்கு மூளைக்கு மேலேயும் கருவி வைத்து, அவர் நினைப்பதைக் கம்பியில்லாமல் முதுகுத்தண்டுக்கு அனுப்பினார்கள். அவருக்கு அடிபட்டது 2011-இல். ஆனால் அவர் தண்டுவடம் முழுசாக அறுபடவில்லை, மாதக்கணக்கில் பயிற்சியும் எடுத்தார். படிகூட ஏறினார்.

"ஏழு படியா?" என்றார் அண்ணன்.

அப்புறம் கேட்டார்: "லே மக்கா, அந்த மெசின் வச்சா மூத்திரம் வாறது தெரியுமா?"

அதையும் ஆராய்கிறார்கள், ஆனால் கடையில் வாங்குகிற நிலைக்கு வரவில்லை என்றேன். அவர் தலையாட்டினார். குழாய் போட்டு மூத்திரம் எடுக்கவும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறவும் அவர் கற்றது தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தில். கழுத்தெலும்பு முறிந்து கைகால் விழுந்த ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. அங்கே போகும் முன் முதல் வருசமே படுக்கைப்புண்ணில் போயிருக்க வேண்டியவர் என்று மைனி சொல்வாள்.

"அடுத்த தடவை வரும்போ காத்து அடைக்கிற மெத்தை ஒண்ணு கொண்டு வாலே. இதுல இருந்து இருந்து பின்பக்கம் சிவந்து போச்சு."

சைக்கிள் கடைக்காரர் டேப்பை நீட்டினார். அகலம் பதினாறு, நீளம் பதினாறு அங்குலம். எழுதப் பையில் வேறு தாளில்லை. முகாம் நோட்டீஸின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன்.